நான் வண்டிதானே ஓட்டினேன்?

செம்மரக் கடத்தல் வழக்குகளில் கோடாலி பிடித்தவர்களோடு வேறு பலரும் சிக்குகிறார்கள். ஆட்களை ஏற்றிவந்த வேன் ஓட்டுநர், போலீஸ் நிற்கிறதா என்று முன்னால் போய்ப் பார்த்துச் சொல்லும் பைலட் வண்டிக்காரர், கட்டையைப் பதுக்க ஷெட்டை வாடகைக்கு விட்டவர், காட்டுக்குள் அரிசி, பருப்பு சுமந்தவர். பிடிபட்டதும் பலர் சொல்வது ஒன்றே: "நான் மரம் வெட்டலையே சார்!"

இந்தச் சமாதானம் கத்தோலிக்க அறநெறிக்குப் பழக்கமானதுதான். எசமான் ஒரு பெண்ணைக் கெடுக்கப் போகிறான் என்று தெரிந்தே, ஜன்னல் ஏற அவனுக்குத் தோள் கொடுக்கிறான் வேலைக்காரன். மறுத்தால் வேலையும் வீடும் போய்விடும் என்ற பயம். இவன் செய்தது சாவான பாவமில்லை என்று சிலர் வாதாடினார்கள். அந்த வாதத்தை 1679-ல் திருத்தந்தை 11-ம் இன்னொசென்ட் கண்டித்து ஒதுக்கினார். அடுத்த நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரி இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். தீமையை விரும்பி உடன்படுவது ஒன்று. அதை விரும்பாமல், தன் வேலையால் மட்டும் அதற்கு உதவ நேர்வது இன்னொன்று. முன்னதற்கு மன்னிப்புக் காரணம் எதுவும் கிடையாது. பின்னதில், அந்த உதவி குற்றத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அது இல்லாமல் குற்றம் நடந்திருக்குமா, செய்தவருக்கு எவ்வளவு பெரிய நெருக்கடி என்றெல்லாம் எடைபோட வேண்டும்.

இந்த அளவுகோலை, செம்மரம் வளரும் ஆந்திராவின் சேஷாசலம் மலையடிவாரத்தில் வைத்துப் பாருங்கள். சந்திரகிரி ரோட்டில் டீ விற்பவர், குடிப்பவன் கடத்தல்காரனா என்று விசாரிக்க வேண்டியதில்லை. பைலட் வண்டி ஓட்டுபவர் கதை வேறு. அவர் செய்வது கடத்தலின் ஒரு பகுதியே. எந்தக் கடன் நெருக்கடியும் அதைச் சரியாக்காது. காட்டில் சோறு பொங்குபவர் நடுவில் நிற்கிறார். முன்பணம் வாங்கிவிட்டு, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் வந்து மாட்டியவராக இருந்தால் அவர் பொறுப்பு குறையும். எனக்கு அவர்மீது வருவதைவிட, பணம் போட்டுவிட்டு ஊரில் உட்கார்ந்திருப்பவர்மீதே கோபம் வருகிறது.

சட்டத்துக்கு இத்தனை பொறுமை இல்லை. ஆந்திரப் பிரதேச வனச் சட்டம் 1967-ன் 44-ம் பிரிவின்படி கடத்தலுக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் செய்யலாம். வண்டியை மீட்க வேண்டுமென்றால், அது தனக்கோ தன் ஓட்டுநருக்கோ தெரியாமல் நடந்தது என்றும், வேண்டிய முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்திருந்தோம் என்றும் உரிமையாளர்தான் காட்ட வேண்டும். அதனால் வாடகைக்கு விடுபவர்கள் டிரிப் ஷீட், சரக்கு பில், அழைத்தவர் விவரம் மூன்றையும் கையில் வைத்திருப்பது நல்லது.

ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்துக்குப் பயந்து போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சட்டவிரோத வேலைக்கான ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 23-ம் பிரிவுப்படி செல்லாது. அந்தப் பணத்துக்காக உங்களை மலைக்குப் போகச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. மிரட்டினால் அது தனிக் குற்றம். உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

குற்றம் செய்தவருக்கும் உரிமை உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி அருகே காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மரம் வெட்டியதற்குச் சட்டத்தில் மரண தண்டனை கிடையாது. எந்தத் தண்டனையானாலும் அதை விதிக்க வேண்டியது நீதிமன்றம்தான். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தெலுங்கில் எழுதிய காகிதத்தில் என்ன இருக்கிறது என்று புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மாஜிஸ்திரேட்டிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் கிடைப்பார். வீட்டார் சட்ட உதவி எண் 15100-ஐ அழைக்கலாம். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவையும் அணுகலாம்.

திருப்பதிப் பக்கம் வேலை என்று யாராவது கூப்பிட்டால், என்ன வேலை, எந்த இடம், யார் பெயரில் பில் என்று முதலிலேயே கேளுங்கள். பதில் வரவில்லையா, முன்பணத்தைத் தொடாதீர்கள்.