அண்ணாந்து பார்க்கும் ஆனந்தம்

இலாபமில்லாத பொழுதுபோக்குகள் உலகில் பல உண்டு. எனினும் தூண்டில் போடுகிறவனுக்கு மீனாவது அகப்படும். தபால் முத்திரை சேர்ப்பவனுக்கு ஒரு புத்தகமாவது நிறையும். நட்சத்திரம் பார்ப்பவனுக்குக் கிடைப்பவையோ கழுத்து வலியும், நுளம்புக் கடியும், "பாவம், நல்ல மனிதராக இருந்தாரே!" என்னும் அயலாரின் அனுதாபமுமே. ஆயினும் அந்த இனம் அழிந்தபாடில்லை. காரணம் அறிய விரும்புவோர் திருகோணமலைக்கு வரலாம். துறைமுகத்தை அடுத்த லிங்கநகரில் ஒரு முற்றத்திலே பாயை விரித்து, மல்லாந்து படுக்கலாம்.

இவ்வூர் வானத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் ஊர் அமைந்திருப்பதால், துருவ நட்சத்திரமும் அடிவானிலிருந்து அதே எட்டரைப் பாகை உயரத்திலேயே நிற்கும். இலண்டனிலே வானின் பாதிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் துருவன், இங்கே பனந்தோப்புக்குப் பின்னால் நாணி ஒளிகிறான். மே மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் அவனைக் கண்டுகொண்டு அப்படியே தெற்கே திரும்பினால், தென்சிலுவை தென்படும். பாதி வழியில் தொங்கிய நம் திரிசங்கு மகாராஜா அதுவேயென்பர். இலண்டன்காரர் திரிசங்கைக் காணார்; நியூசிலாந்துக்காரர் துருவனைக் காணார். லிங்கநகர்வாசியோ இருவரையும் ஒரே இரவில், காசு கொடாமல் காண்கிறார்!

பகலிலும் வேடிக்கை உண்டு. சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டொரு நாள் முன்னர், ஏப்ரல் 12ஆம் திகதியளவில், நண்பகல் கடந்த சில நிமிடங்களில் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். அப்போது நட்டு வைத்த தடியின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். ஆகஸ்ட் இறுதியிலும் இவ்வாறே நிகழும். தொலைநோக்கி வேண்டியதில்லை, ஒரு தடி போதும்.

ஆகாயத்தை நினைத்துக்கொண்டே இவ்வூர்க் கடலில் இறங்கியவர் ஒருவர் உண்டு. அவர் ஆர்தர் சி. கிளார்க். பூமிக்கு மேலே 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செயற்கைக் கோள்களை நிறுத்தினால் உலகெங்கும் செய்தி அனுப்பலாமென 1945இல் எழுதியவர். 1956இல் இலங்கைக்கு வந்தவர், கோணேசர் மலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய ஆலயத்தின் கற்றூண்களைக் கண்டார். அவர் அன்று கண்ட கனவின் பயனாக இன்று வீட்டுக் கூரைகளிலே டிஷ் அன்டெனாக்கள் வானத்தை நோக்கித் தவம் கிடக்கின்றன. அவை அண்ணாந்து பார்க்கின்றன. வீட்டாரோ உள்ளே அமர்ந்து நாடகத் தொடர் பார்க்கிறார்கள்!

நிற்க. இவ்வூரார் வானத்தை நோக்கிய பார்வை என்றும் இன்பப் பார்வையாய் இருந்ததில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் அண்ணாந்தவர்கள் கண்டவை ஜப்பானியரின் குண்டு விமானங்கள். உள்நாட்டுப் போர் முடிவதற்குச் சில மாதங்களே இருந்த 2008 ஆகஸ்டிலும், துறைமுகத்துக் கடற்படைத் தளத்தின் மீது புலிகளின் விமானம் இரவில் குண்டு வீசியது. வானத்து ஒளிப்புள்ளி நட்சத்திரந்தானா என்று ஐயுற வேண்டிய காலத்தில், முற்றத்தில் பாய் விரிப்பவர் யார்?

கடலும் தன் பங்குக்கு 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் பொங்கியெழுந்து அழித்தது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழிந்து, 2019இல் அதே திகதியில், அதே காலைப் பொழுதில், கங்கண சூரிய கிரகணத்தின் பாதை இவ்வூரின் மேல் சென்றது. சந்திரன் சூரியனின் நடுவை மறைக்க, ஏறத்தாழ மூன்று நிமிடம் ஒளிவளையம் மட்டும் எஞ்சியிருக்கும் காட்சி. துக்கத்துக்குரிய அந்த நாளிலும் காப்புக் கண்ணாடி வழியே வானத்தைப் பார்ப்பதற்குக் காரணம் கிடைத்தது; அதுவும் அச்சமூட்டாத காரணம்!

நட்சத்திரம் பார்ப்பவனுக்கு இலாபமில்லை என்றோமே, அக்கணக்கை இங்கே சற்றுத் திருத்தி எழுதவேண்டும். ஒரு பயனையும் கருதாமல், ஓர் ஆபத்தையும் தேடாமல், மனிதன் இரவில் அண்ணாந்து பார்க்கக் கூடுமாயின், அவன் ஊரில் அமைதி நிலவுகிறது என்பது பொருள். கழுத்து வலியென்ன, அதற்கு எவ்வளவு விலையும் கொடுக்கலாம். துறைமுக விளக்குகளை அணைக்க நம்மால் இயலாது. நம் முற்றத்து விளக்கையாவது அரை மணி நேரம் அணைத்து வைப்போம். அயலார் அனுதாபப்பட்டால், அவர்களுக்கும் பாயில் இடம் கொடுப்போம்.