வெப்சைட் செய்யப் பழக எந்தப் புத்தகம் வாங்கலாம்?



நம்மில் பலர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. லேபில் கிடைப்பதும் கொஞ்ச நேரம்தான். அதனால் மீதி நேரம் புத்தகம்தான் நமக்கு வாத்தியார். அதை வாங்கும்போது நான் பார்க்கும் நாலு விஷயங்கள் இதோ:

1. ஆண்டு: முதல் பக்கங்களில் பதிப்பு ஆண்டைப் பாருங்க. எச்.டி.எம்.எல். 5 முறைப்படி வெளியானது 2014-இல். பழைய புத்தகங்களில் எழுத்துக்கு நிறம் கொடுக்க 'ஃபான்ட்' டேக் சொல்லித் தருவாங்க. இப்போ அது சி.எஸ்.எஸ். செய்யும் வேலை. ஃபிளாஷ் பாடம் இருந்தாலும் வேண்டாம். அது 2020 டிசம்பரோடு நின்றுவிட்டது.

2. வரிசை: எச்.டி.எம்.எல். வீட்டுச் சுவர் மாதிரி. சி.எஸ்.எஸ். அதற்கு அடிக்கும் பெயின்ட். ஜாவாஸ்கிரிப்ட் என்பது சுவிட்ச் போட்டால் லைட் எரிகிற மாதிரி. இந்த வரிசையில்தான் பாடம் இருக்கணும். ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு. பெயரைப் பார்த்து மாற்றி வாங்கிடாதீங்க!

3. பயிற்சி: நோட்பேடில் டைப் செய்து, பிரவுசரில் திறந்து பார்க்கும் பயிற்சி முதல் பாடத்திலேயே வேணும். இதுக்கு இன்டர்நெட்கூட தேவையில்லை.

4. நடை: கடையிலேயே ஒரு பக்கம் படிச்சுப் பாருங்க. புரியலைன்னா அது நமக்கான புத்தகம் இல்லை. தமிழ்ப் புத்தகமே போதும். டேக்குகளை மட்டும் ஆங்கிலத்தில் எழுதணும்.

தப்பான புத்தகம் வாங்கினால் காசு மட்டும் போகாது. "கம்ப்யூட்டர் நமக்கு வராது" என்று நாமே ஒதுங்கிடுவோம். அதுதான் பெரிய நஷ்டம். எனவே தடிமனைப் பார்த்து மயங்காமல், மெல்லிய நல்ல புத்தகம் ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கிப் படிப்போம்!