பழைய வண்டியும் இரையும் ஆல்டர்னேட்டரும்

மழைக்கால மாலையில் சயான் சர்க்கிளில் வண்டிகள் அணிவகுத்து நிற்கும் காட்சியை நேயர்கள் நன்கு அறிவீர்கள். அவ்வரிசையில் பழைய பியட் வண்டி ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் முன்விளக்கைப் போட்டவுடன் எஞ்சின் பகுதியிலிருந்து ‘கிரீச்’ என்று ஓர் ஓலம் எழுகிறது. மறுநாட் காலையில் அவர் பட்டறைக்குச் செல்கிறார். “ஆல்டர்னேட்டர் போய்விட்டது, மாற்றவேண்டும்” என்று விடை கிடைக்கிறது. மாற்றியும் ஆயிற்று, பணமும் செலவாயிற்று. ஆனால் அடுத்த மழையிலே அதே ஓலம் மீண்டும் எழுகிறது! குற்றம் ஆல்டர்னேட்டரில் இல்லை. அதைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருந்தது. அவ்வளவே.

வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருவாய் நின்றது என்பதே பொருள். சொந்த ஊரிலிருந்து நெடுந்தொலைவு வந்து குடும்பத்தைக் காக்கும் ஒருவர், தேவையற்ற பொருளுக்குப் பணம் கொடுப்பதைப் போலத் துன்பம் தருவது வேறில்லை. ஆகவே, ஆல்டர்னேட்டரை எப்படி மாற்றுவது என்பதற்கு முன்னால், அதை மாற்றத்தான் வேண்டுமா என்று எப்படி அறிவது என்பதை முதலில் காண்போம்.

சயானை அடுத்த குர்லாவில்தான் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை இருந்தது. 1944 ஆம் ஆண்டில் வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய அந்நிறுவனம், இத்தாலி நாட்டுப் பியட் நிறுவனத்தின் உரிமம் பெற்று வண்டிகளைச் செய்தது. 1970-களில் ‘பிரீமியர் பத்மினி’ என்று பெயர் பெற்ற வண்டி, கறுப்பும் மஞ்சளும் பூண்ட டாக்சியாக இந்நகரின் அடையாளமாகவே விளங்கிற்று. டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட 20 ஆண்டு வயது வரம்பின்படி, 2023 அக்டோபர் இறுதியோடு அது டாக்சிப் பணியிலிருந்து விடைபெற்றது. ஆயினும் அவ்வண்டியைச் சொந்த வண்டியாகப் பேணி வருவோர் இன்றும் உளர். இங்கே கூறப்படுவன அதற்கு மட்டுமன்றி, வயது முதிர்ந்த எந்த வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்துவனவே.

தொடக்க காலப் பியட் வண்டிகளில் மின்சாரம் தந்தது டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ போதிய மின்சாரம் தராது. நெரிசலில் நெடுநேரம் நின்று ஊர்ந்து செல்லும் வண்டிக்கு இது பெருங்குறையன்றோ? சிலிக்கான் டயோடுகள் வந்தபின் இக்குறை நீங்கிற்று. 1960 ஆம் ஆண்டு மாதிரியான வேலியன்ட் வண்டியில் அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனம் ஆல்டர்னேட்டரை வழக்கமான உறுப்பாகவே பொருத்தியது. நம் நாட்டில், சென்னையை அடுத்த பாடியில் 1961 இல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய மின்கருவிகளைச் செய்வதில் பெயர் பெற்றது.

ஆல்டர்னேட்டர் இயங்கும் முறை எளியது. காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831 இல் பாரடே கண்டறிந்தார். ஆல்டர்னேட்டரின் நடுவே ரோட்டார் என்னும் மின்காந்தம் சுழல்கிறது. அதற்கு வேண்டிய சிறிதளவு மின்சாரத்தை இரண்டு கார்பன் பிரஷ்கள் கொடுக்கின்றன. சுற்றிலும் அசையாமல் இருக்கும் கம்பிச் சுருள்களில் மாறுதிசை மின்சாரம் தோன்றுகிறது. டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. ரெகுலேட்டர் அதன் அழுத்தத்தை ஏறத்தாழ 14 வோல்ட்டில் நிறுத்துகிறது. ரோட்டாரின் இரு முனைகளையும் இரண்டு பேரிங்குகள் தாங்குகின்றன. முன்புறத்துப் புல்லியை எஞ்சினின் பெல்ட் சுழற்றுகிறது. இவ்வளவு உறுப்புகள் இருப்பதால், ஒலி எழும் இடங்களும் பல.

ஒவ்வொரு குற்றத்திற்கும் ஒவ்வொரு குரல் உண்டு. காலையில் எஞ்சினைக் கிளப்பும்போதோ, விளக்கைப் போடும்போதோ, மழையில் நனைந்தபோதோ ‘கிரீச்’ என்று கத்திச் சிறிது நேரத்தில் அடங்கினால், அது வழுக்கும் பெல்ட்டின் குரல். திரிகை அரைப்பதுபோல் ‘கரகர’ என்று ஓயாமல் ஒலித்து, எஞ்சினின் வேகம் கூடக் கூட அதுவும் கூடினால், பேரிங்கு தேய்ந்திருக்கலாம். ‘கடகட’ என்று ஆடினால், தாங்கியின் போல்ட்டோ புல்லியின் நட்டோ தளர்ந்திருக்கலாம். விளக்குகளைப் போட்டால் மிகுந்து, அணைத்தால் குறையும் ஆழ்ந்த முனகல் கேட்டால் டயோடைச் சந்தேகிக்கவேண்டும். வண்டியிலுள்ள வானொலிப் பெட்டியும் இதற்கு ஒரு சோதனைக் கருவியே! எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் மெல்லிய ஊளை அதில் கேட்டால், டயோடிலோ பூமி இணைப்பிலோ கோளாறு இருக்கக்கூடும்.

மும்பை வாழ்வோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் நலம். சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் பெருமழையின்போது சாலையில் நீர் தேங்குவது நாம் அறிந்ததே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கியதையும் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அழுக்கு நீர் பேரிங்குக்குள் புகுந்தால் கிரீசு கெட்டுத் துரு ஏறும். ஒலி உடனே எழாது. சில வாரங்கள் சென்ற பின்னரே எழும். ஆகவே வெள்ளத்தில் ஓட்டிய வண்டியைச் சில காலம் காது கொடுத்துக் கவனித்து வருதல் வேண்டும்.

இனிச் சோதனைக்கு வருவோம். செலவில்லாத சோதனையை முதலிற் செய்வதே முறை. எஞ்சினை நிறுத்தி, அது குளிர்ந்தபின், பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் அது சுமார் 10 மில்லிமீட்டர் தாழவேண்டும். பெல்ட்டின் ஓரங்கள் கண்ணாடிபோல் பளபளத்தாலோ வெடித்திருந்தாலோ, புதிய பெல்ட் ஒன்றே போதுமானதாகலாம். அடுத்து, தாங்கியின் போல்ட்டுகளை ஸ்பானரால் முடுக்கிப் பாருங்கள்.

அவ்வளவிலும் ஒலி நீங்காவிடில், பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓடவிடலாம். ஒலி நிற்காவிட்டால் குற்றம் எஞ்சினில் வேறெங்கோ இருக்கிறது. நின்றுவிட்டாலும் ஆல்டர்னேட்டரே குற்றவாளி என்று முடிவு கட்டலாகாது. பல பழைய எஞ்சின்களில் அதே பெல்ட்தான் நீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. ஆகவே எஞ்சினை நிறுத்தி, இரண்டு புல்லிகளையும் தனித்தனியே கையால் சுழற்றுங்கள். எது கரகரக்கிறதோ, எது மேலும் கீழும் ஆடுகிறதோ, அதுவே குற்றமுள்ளது.

மின்சாரச் சோதனைக்குச் சிறிய மீட்டர் ஒன்று போதும். ஓய்வில் இருக்கும் நல்ல பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். பெல்ட்டை மீண்டும் மாட்டி எஞ்சினை ஓட்டினால் 13.8 முதல் 14.4 வரை ஏறவேண்டும். ஏறாவிடில் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். மீட்டரை மாறுதிசை மின்சார அளவுக்குத் திருப்பி, பாட்டரி முனைகளில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் டயோடு பழுதென்று கருதலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டைனமோ காலத்துப் பழக்கத்தினால், எஞ்சின் ஓடும்போதே பாட்டரியின் இணைப்பைக் கழற்றிச் சோதிப்போர் இன்றும் சிலர் உளர். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இதை ஒருபோதும் செய்யலாகாது. திடீரெனப் பாயும் மின்னழுத்தம் டயோடுகளைக் கொன்றுவிடும். ஓடும் எஞ்சின்மீது குனியும்போது தோளில் துண்டோ தொங்கும் சட்டைக் கையோ இருத்தல் ஆகாது. வேட்டியையும் லுங்கியையும் தழையவிட்டபடி அருகே செல்லவும் வேண்டாம்.

பேரிங்கு மட்டும் தேய்ந்திருப்பின், முழு ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டியதில்லை. பேரிங்கின் வளையத்தில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்ணைச் சொல்லியே புதியது வாங்கலாம். பிரஷ்களையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். ஆனால் சுருள் கருகியிருந்தாலோ, பேரிங்கு அமரும் உறை தேய்ந்து அகன்றிருந்தாலோ, முழுவதையும் மாற்றுவதே நன்று.

மாற்றும் முறை இது. முதலில் பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். ஒயர்கள் ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். சரிப்படுத்தும் போல்ட்டையும் கீழ்ப்போல்ட்டையும் தளர்த்திப் பெல்ட்டை எடுத்தபின் ஆல்டர்னேட்டரை வெளியே எடுங்கள். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது இன்றியமையாதது. ஆம்பியர் அளவு, புல்லியின் விட்டம், காடியின் அகலம், தாங்கும் காதுகளின் இடைவெளி, ரெகுலேட்டர் உள்ளேயா வெளியேயா என்பன யாவும் ஒத்திருக்கவேண்டும். குர்லாப் பகுதியிலோ வேறெங்கோ பழைய பொருள் வாங்குவோர், கடையிலேயே கையால் சுழற்றிப் பார்த்த பின்னரே பணம் கொடுப்பாராக.

பொருத்தும்போது எல்லாப் புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். கோணினால் புதிய பெல்ட்டும் கத்தும். பெல்ட்டை இழுக்க நெம்பும்போது முன்புற உறையில் மட்டுமே நெம்புகோலை வைக்கலாம். நடுவிலுள்ள சுருட் பகுதியில் வைத்தல் கூடாது. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் புதிய பேரிங்கே விரைவில் தேய்ந்துவிடும். ஒயர்களை மாட்டியபின் நெகட்டிவைக் கடைசியாக இணையுங்கள். பாட்டரியை முனை மாற்றி இணைத்தால், அந்தக் கணத்திலேயே டயோடுகள் அழியும். சார்ஜ் விளக்கின் பல்பும் எரிகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் ரோட்டாருக்கு முதல் மின்சாரம் அதன் வழியாகவே செல்வதால், அது கெட்டிருந்தால் புதிய ஆல்டர்னேட்டரும் வேலை செய்யாது.

வீண் செலவைத் தவிர்க்கவேண்டும் என்றோம். அதற்காகப் பேரிங்கின் குரலை அலட்சியம் செய்துவிடலாகாது. தேய்ந்த பேரிங்கு ஒருநாள் இறுகி நின்றுவிடும். அப்போது பெல்ட் அறும். நீர்ப் பம்பு நிற்கும். சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில், இரவு வேளையில், குழந்தை குட்டிகளோடு செல்கையில் இது நேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு பேரிங்கின் விலையைப் பார்த்து ஓர் எஞ்சினையே இழப்பது அறிவுடைமையாகாது.

ஆகவே, அடுத்த முறை உங்கள் வண்டி இரையும்போது, பணப்பையைத் திறக்குமுன் எஞ்சின் மூடியைத் திறந்து சிறிது நேரம் கேளுங்கள். பட்டறைக்குச் சென்று, “ஆல்டர்னேட்டரை மாற்றுங்கள்” என்று சொல்வதற்குப் பதிலாக, “விளக்குப் போட்டால் கத்துகிறது, பெல்ட் தளர்ந்திருக்கிறது” என்று சொல்ல முடியுமானால், பாதி வேலை முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.