தரவுகளுக்குக் கூட்டுக் குடும்பமா, தனிக்குடித்தனமா?

கல்லூரியில் ஒரு மாணவனுக்கு எத்தனை பெயர்கள்! சேர்க்கைப் பதிவேட்டில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கும். தேர்வுப் பட்டியலில் பின்னால் போய்விடும். விடுதி உணவுக் கணக்கிலோ அறை எண்ணே அவன் பெயர். இவ்வாறு சிதறிக் கிடக்கும் விவரங்களை எடுத்து, பிழை நீக்கி, ஓரிடத்தில் சேர்க்கும் பணியையே தரவு ஒருங்கிணைப்பு என்கிறோம். இதற்கான மென்பொருள்களுள் எங்கள் துறையில் நாங்கள் பழகியது மைக்ரோசாஃப்டின் எஸ்.எஸ்.ஐ.எஸ். 2005-ஆம் ஆண்டு எஸ்.க்யூ.எல். சர்வருடன் வெளிவந்தது. கற்போருக்கு டெவலப்பர் பதிப்பு இலவசம்.

இதில் ஒவ்வொரு வேலையும் ஒரு பேக்கேஜ். பல பேக்கேஜ்கள் சேர்ந்தது ஒரு பிராஜெக்ட். பிராஜெக்ட் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டிச் சர்வருக்கு அனுப்பும் முறை 2012 பதிப்பில் வந்தது. அதனுடன் ஒரு வினாவும் வந்தது: எல்லா வேலைகளையும் ஒரே பிராஜெக்டில் வைப்பதா, பிரித்து வைப்பதா?

நாங்கள் மூவர். வருகைப் பதிவு ஒருவருக்கு, அகமதிப்பெண் ஒருவருக்கு, உணவுக் கணக்கு எனக்கு. ஒரே பிராஜெக்ட் போதும் என்று முடிவு செய்தோம். அதில் வசதி உண்டு. தரவுத்தளத்தின் முகவரியை ஒருமுறை எழுதினால் எல்லாப் பேக்கேஜ்களும் அந்த இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு தலைமைப் பேக்கேஜ் மற்றவற்றை வரிசையாக அழைத்து ஓட்டும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே அடுப்பு எரிவது போல.

அந்த அடுப்பில்தான் நான் கை வைத்தேன். உணவுக் கணக்கைச் சோதிப்பதற்காகப் பொது இணைப்பைச் சோதனைத் தரவுத்தளத்துக்குத் திருப்பினேன். திருப்பியதை மறந்து பிராஜெக்டைச் சர்வருக்கு அனுப்பிவிட்டேன். அன்றிரவு முதல் வருகைப் பதிவும் சோதனைத் தளத்துக்கே போயிற்று. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே நடந்தது. எட்டு நாட்கள் கழித்து, 75 சதவீத வருகை இல்லாதோர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. வேலை நாட்களில் அந்த எட்டும் சேர்ந்திருந்தன. வந்ததற்கான கணக்கில் சேரவில்லை. விளிம்பில் இருந்தவர்கள் உள்ளே விழுந்தார்கள். அவர்களுள் என் வகுப்புத் தோழன் ஒருவன், தேர்வுக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பலகையின் முன் நின்றான். அவன் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன். நானும் என் வீட்டில் அப்படியே. அவன் எதை நினைத்து நின்றான் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பட்டியல் அன்றே திருத்தப்பட்டது. பிராஜெக்டின் முந்தைய வடிவங்களைச் சர்வர் சேமித்து வைக்கும். இயல்பாகப் பத்து வரை. பழைய வடிவத்தை மீட்டு, எட்டு நாள் வருகையையும் மறுபடி ஏற்றினோம்.

மூன்று பிராஜெக்டுகளாகப் பிரித்துவிட்டால் தீர்ந்தது என்று நான் வாதாடினேன். பிரித்தும் பார்த்தோம். பெயர்களையும் பதிவு எண்களையும் சீர்செய்யும் பேக்கேஜ் மூன்று நகலாயிற்று. ஒன்றில் செய்த திருத்தம் மற்ற இரண்டிலும் இல்லை. தலைமைப் பேக்கேஜால் வேறு பிராஜெக்டில் உள்ள பேக்கேஜை நேராக அழைக்கவும் முடியவில்லை. சர்வரின் ஏஜென்ட் என்னும் நேர அட்டவணைப் பகுதியில் ஒவ்வொன்றையும் ஒரு படியாக வரிசைப்படுத்த நேர்ந்தது. தனிக்குடித்தனத்தின் செலவு அப்போதுதான் புரிந்தது.

எங்கள் விரிவுரையாளர் ஒன்றே கேட்டார்: "எவை எவை சேர்ந்து மாறுகின்றன?" வருகையும் அகமதிப்பெண்ணும் ஒரே பதிவு எண்ணை நம்பியவை, தேர்வுத் தகுதிப் பட்டியல் இரண்டிலிருந்தும் வருவது. ஒன்று மாறினால் மற்றொன்றையும் சோதித்தாக வேண்டும். எனவே அவை ஒரே பிராஜெக்டில் இருப்பதே முறை. உணவுக் கணக்கு மாதம் ஒருமுறை ஓடுவது; அதைப் பார்ப்பவரும் வேறு. அதற்குத் தனி வீடு.

உண்மையில் என் பிழைக்கு மருந்து பிரிவினை மட்டுமன்று. முகவரியைப் பிராஜெக்டுக்குள் எழுதியதே தவறு. சர்வரில் ஒரு ஃபோல்டருக்குள் 'என்விரான்மென்ட்' அமைத்து முகவரியை அங்கு வைக்கலாம். அந்த ஃபோல்டரில் உள்ள பிராஜெக்டுகள் தத்தம் பாராமீட்டர் வழியே அதைப் பெற்றுக்கொள்ளும். சோதனைக்கு ஒன்று, மெய்யான பணிக்கு ஒன்று. இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரே பிராஜெக்டிலும் அந்தப் பட்டியல் கெட்டிருக்காது.

இப்போது இரண்டு பிராஜெக்டுகள் ஓடுகின்றன. அடுத்த பருவத்தில் நூலகக் கணக்கு சேரவிருக்கிறது. அது பதிவு எண்ணை நம்பியது, ஆனால் ஓடும் நேரம் வேறு. எதில் சேர்ப்பது என்பதில் எங்கள் மூவருக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.