வீட்டு வரியும் மாநில நிதி நெருக்கடியும்: கலிபோர்னியாவின் அனுபவம்

அரசு விதிக்கும் வரிகளுள் மக்களின் கண்ணில் நேரடியாகப் படுவது சொத்து வரியே ஆகும். விற்பனை மீதான வரி பொருளின் விலையோடு கலந்து மறைந்து விடுகிறது. வருமான வரி சம்பளம் கைக்கு வருமுன்னரே பிடித்தம் செய்யப்பட்டு விடுகிறது. சொத்து வரிக்கோ கேட்பறிக்கை வீடு தேடி வருகிறது. மேலும், வீட்டின் சந்தை மதிப்பு ஐந்தாண்டுகளில் இரு மடங்காகலாம். அதில் குடியிருப்பவரின் ஓய்வூதியம் அவ்வாறு இரு மடங்காவதில்லை. காகிதத்தில் ஏறிய மதிப்புக்குக் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருக்கிறது. உள்ளாட்சிக்கு மிகவும் ஏற்ற வரி என்று பொருளாதார நூல்கள் கூறும் இவ்வரியை, தேர்தலில் நிற்க வேண்டியவர்கள் அஞ்சி ஒதுக்குவதற்கு இதுவே காரணம்.

உள்ளூர் வீட்டு வரி உயர்வும், அரசுச் செலவைக் குறைப்பது பற்றிய அரசியல் பூசலும் ஒன்றையொன்று எவ்வாறு பிணைத்துக்கொள்கின்றன என்பதற்கு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1978-ஆம் ஆண்டு நடந்த ஒரு பொது வாக்கெடுப்பும், அடுத்த முப்பது ஆண்டுகளில் அது விளைத்தவையும் தெளிவான சான்றாக அமைகின்றன. வீடுகளின் பழைய மதிப்பை அப்படியே நிறுத்தி வைத்து வரி வாங்கும் பழக்கம் இந்திய நகரங்களுக்கும் புதிதன்று. எனவே அம்மாநிலத்தின் அனுபவம் நம் நாட்டு நகராட்சி நிதியைப் பயில்வோர்க்கும் பயன்படும்.

சீர்திருத்தம் மூட்டிய சினம்

அங்கு சொத்துகளை மதிப்பிடும் பொறுப்பு, நம் மாவட்டத்துக்கு ஓரளவு ஒப்பான ‘கவுன்டி’ என்னும் நிர்வாகப் பிரிவைச் சார்ந்தது. மதிப்பீட்டாளர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். வாக்களிப்பவர்கள் வீட்டுக்காரர்கள் ஆதலால், வீடுகளைக் குறைவாகவும் வணிக நிறுவனங்களைக் கூடுதலாகவும் மதிப்பிடும் வழக்கம் பல இடங்களில் நிலவிற்று. சட்டத்தில் இல்லாத சலுகை இது. 1960-களின் நடுவில் சான்பிரான்சிஸ்கோவில், மதிப்பைக் குறைத்துக் காட்ட நிறுவனங்களிடம் கையூட்டுப் பெறப்பட்டது அம்பலமாயிற்று. உடனே மாநிலச் சட்டமன்றம் 1966-இல் ஒரு சட்டம் இயற்றி, எல்லாச் சொத்துகளையும் சந்தை மதிப்பின் 25 விழுக்காடு என்ற ஒரே அளவில் மதிப்பிட வேண்டும் என விதித்தது.

ஊழல் ஒழிந்தது; அதனோடு வீட்டுக்காரர்கள் அறியாமலே அனுபவித்துவந்த சலுகையும் ஒழிந்தது. 1970-களில் அம்மாநிலத்தில் வீட்டு விலைகள் பணவீக்கத்தையும் விஞ்சி ஏறியபோது, அவ்வேற்றத்தைத் தணித்துக் காட்ட மதிப்பீட்டாளருக்கு அதிகாரம் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு நடந்ததால், ஒரே கேட்பறிக்கையில் வரி இரு மடங்காகவும் அதற்கு மேலும் உயர்வதைப் பலர் கண்டனர். நிர்வாகம் நேர்மையாக நடந்ததாலேயே மக்கள் சினம் கொண்டனர் என்பது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் மதிப்பு ஏறும்போது அதற்கேற்ப வரி வீதத்தைத் தாழ்த்தும் கடமை உள்ளாட்சி மன்றங்களுக்கு இருந்தது. பெரும்பாலான மன்றங்கள் அதைச் செய்யாமல் கூடுதல் வருவாயைச் செலவிட்டன என்பதை மறந்துவிடலாகாது.

இதே காலத்தில் மாநில அரசின் கருவூலம் நிரம்பி வழிந்தது. பணவீக்கத்தால் சம்பளங்கள் உயர, அவற்றோடு வருமான வரியும் உயர்ந்து, ஏறத்தாழ 500 கோடி டாலர் உபரி சேர்ந்திருந்தது. அதிலிருந்து வீட்டுக்காரர்களுக்கு நிவாரணம் தர வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. யாருக்கு, எவ்வளவு என்பதில்தான் தகராறு. 1977-இல் சட்டமன்றம் உடன்பாடின்றிக் கலைந்தது. பணம் இருந்தும் முடிவெடுக்க இயலாத இந்தத் தேக்கமே பின்னர் நடந்தவற்றுக்கு வழி திறந்துவிட்டது.

13-ஆம் எண் முன்மொழிவு

கலிபோர்னியாவில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாக்காளர்களின் கையொப்பம் திரட்டினால், அரசியலமைப்புத் திருத்தத்தையே நேரடியாக மக்கள் வாக்குக்கு விடலாம். ஓய்வுபெற்ற தொழிலதிபரான ஹோவர்ட் ஜார்விஸ் என்பவரும் பால் கான் என்பவரும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினர். விழித்துக்கொண்ட சட்டமன்றம் மிதமான மாற்றுத் திட்டம் ஒன்றை அவசரமாக அதே தேர்தலில் முன்வைத்தது. காலம் கடந்திருந்தது. 1978 ஜூன் 6 அன்று 13-ஆம் எண் முன்மொழிவு ஏறத்தாழ 65 விழுக்காடு வாக்குகளுடன் நிறைவேறியது. சட்டமன்றத்தின் மாற்றுத் திட்டம் தோற்றது.

திருத்தத்தின்படி, சொத்து வரி மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. அதற்கு முன் சராசரி வீதம் 2.6 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. மதிப்பு 1975-76 ஆம் ஆண்டின் நிலைக்குப் பின்தள்ளப்பட்டது. அதன்பின் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றலாகாது. சொத்து கைமாறும்போது மட்டும், விற்ற விலையே புதிய மதிப்பாகும். மக்கள் பேசியது இவற்றைப் பற்றியே. ஆனால் அதிகம் பேசப்படாத மற்றொரு விதியும் அதில் இருந்தது. மாநில வரி எதையும் உயர்த்துவதற்குச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பதே அது.

சொத்து வரி வருவாய் ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே சரிந்தது. நூலகங்களின் நேரம் குறைக்கப்பட்டது. கோடைக்காலப் பள்ளிகள் பல மூடப்பட்டன. எனினும் முன்னறிவித்த பேரழிவு நேரவில்லை. ஆளுநர் ஜெரி பிரவுனும் (அங்கு ஆளுநர் நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துபவர்) சட்டமன்றமும், சேர்த்து வைத்திருந்த உபரியை உள்ளாட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் வாரி வழங்கினர். வரியும் குறைந்தது, வசதிகளும் பெரும்பாலும் தொடர்ந்தன என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியதற்கு இந்த உதவியே காரணம்.

அதன் விலை பின்னர் தெரிய வந்தது. 1 விழுக்காட்டு வரியை நகரம், கவுன்டி, பள்ளி ஆகியவற்றிடையே எவ்வாறு பிரிப்பது என்பதை இனி மாநிலச் சட்டம் தீர்மானித்தது. தன் எல்லைக்குள் திரட்டப்படும் வரியின் வீதத்தையும் பங்கையும் முடிவு செய்யும் உரிமை நகரமன்றத்திடம் இல்லாமற் போயிற்று. 1990-களின் தொடக்கத்தில் மாநிலத்துக்கு நெருக்கடி வந்தபோது, நகரங்களுக்கும் கவுன்டிகளுக்கும் உரிய சொத்து வரிப் பங்கின் ஒரு பகுதியைப் பள்ளிகளுக்குத் திருப்பிவிட்டுத் தன் சொந்தச் செலவை அது மிச்சப்படுத்திக்கொண்டது. குடியிருப்பு கட்டினால் வரி குறைவு, கடைத்தெரு வந்தால் விற்பனை வரியில் பங்கு கிடைக்கும் என்று நகரங்கள் கணக்குப் போடத் தொடங்கின. வீடு கட்ட வேண்டிய நிலங்களுக்கு வாகன விற்பனை நிலையங்களை வரவேற்கும் போட்டி எழுந்தது. உள்ளாட்சியின் நிலப் பயன்பாட்டுக் கொள்கையை ஒரு வரி விதி எந்த அளவுக்குத் திரிக்கக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மூன்றில் ஒரு பங்கினரின் ஆட்சி

வரி உயர்த்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பதோடு, வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றவும் அதே அளவு ஆதரவு வேண்டும் என்ற விதி அங்கு ஏற்கெனவே இருந்தது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட உறுப்பினர்கள் ஒன்றுபட்டு நின்றால் எதையும் தடுத்துவிடலாம். ஒரு கட்சி வரி உயர்வை எக்காரணத்தாலும் ஏற்பதில்லை என உறுதி பூண்டது. மற்றது கல்வி, நலத்திட்டச் செலவுகளில் கைவைக்க மறுத்தது. இருவரும் தத்தம் வாக்காளர்களுக்கு உண்மையாகவே நடந்துகொண்டனர் என்றும் கூறலாம். உபரி இருந்த காலத்தில் இந்த ஏற்பாடு உறுத்தவில்லை. சொத்து வரி போன்ற நிலையான வருவாய் சுருங்கி, பொருளாதாரத்தோடு ஏறி இறங்கும் வருமான வரியை மாநிலம் பெரிதும் நம்பியபின், ஒவ்வொரு மந்தமும் நெருக்கடியாக மாறியது.

2007-இன் இறுதியில் தொடங்கிய மந்தத்தில் இது உச்சத்தை அடைந்தது. 2009 பிப்ரவரியில் பெரும் இழுபறிக்குப் பின் தற்காலிக வரி உயர்வுகளும் செலவுக் குறைப்பும் கலந்த ஒரு திட்டம் நிறைவேறியது. அதைத் தாங்கி நிறுத்துவதற்கான முன்மொழிவுகளை மே மாதம் வாக்காளர்கள் தள்ளுபடி செய்தனர். ஜூலை 2 முதல் மாநிலத்தின் கணக்குக் கட்டுப்பாட்டு அலுவலகம் ரொக்கத்துக்குப் பதிலாகக் கடன் உறுதிச் சீட்டுகளை வழங்கியது. வரித் திருப்பம் பெற வேண்டியவர்களும், அரசுக்குப் பொருள் வழங்கிய வணிகர்களும் 3.75 விழுக்காடு வட்டி தாங்கிய அச்சீட்டுகளைப் பெற்றனர். வங்கிகள் பல சில நாள்களிலேயே அவற்றை வாங்க மறுத்தன. அரசு ஊழியர்கள் மாதம் மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டனர். தனி நாடாக இருந்தால் உலகின் பெரும் பொருளாதாரங்களுள் ஒன்றாக எண்ணப்படும் மாநிலத்தின் நிலை இது.

2010 நவம்பரில் வாக்காளர்கள், வரவு செலவுத் திட்டத்துக்கு எளிய பெரும்பான்மையே போதும் என மாற்றினர். வரி உயர்வுக்கான மூன்றில் இரண்டு பங்கு விதி அப்படியே நீடிக்கிறது.

மூல ஏற்பாட்டை மாற்றுவது ஏன் அரிதாயிற்று? 1988-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கிய ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 டாலர் வரி கட்ட நேர்ந்தது. அதே தெருவில் ஒத்த வீட்டில் 1975-க்கு முன்பிருந்தே குடியிருந்தவர்கள் அதில் ஐந்தில் ஒரு பங்கே கட்டினர். இது சமத்துவத்துக்கு முரண் எனத் தொடுத்த வழக்கை 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியது. பழைய உரிமையாளரின் எதிர்பார்ப்பைக் காப்பதும் நியாயமான நோக்கமே என்பது தீர்ப்பு. ஒவ்வோராண்டு கழியும்போதும் வீடு வைத்திருப்பவரின் சலுகை பெருகுகிறது. இனி வீடு வாங்கப்போகும் இளைஞருக்கு அதனால் ஏற்படும் இழப்போ கணக்கில் வருவதில்லை. வீடுகளை விட்டுவிட்டு வணிகச் சொத்துகளை மட்டுமேனும் சந்தை மதிப்பில் வரிக்கு உட்படுத்த 2020-இல் கொண்டுவந்த முன்மொழிவும் குறுகிய வேறுபாட்டில் தோற்றது.

இந்திய நகரங்களில்

நம் நாட்டில் இத்தகைய வாக்கெடுப்பு நடந்ததில்லை. ஆயினும் விளைவு வேறு வாயில் வழியே நுழைந்தது. நெடுங்காலமாக இங்குச் சொத்து வரியின் அடிப்படை, கட்டடம் ஈட்டக்கூடிய ஆண்டு வாடகை மதிப்பாகும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களோ வாடகையைப் பழைய அளவில் நிறுத்தின. பம்பாயில் 1940 செப்டம்பர் நிலவரமே அளவுகோல் ஆயிற்று. கட்டுப்பாட்டுச் சட்டப்படி கிடைக்கக்கூடிய நியாய வாடகைக்கு மேல் ஆண்டு மதிப்பைக் கணிக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 1979-இல் புது தில்லி நகராட்சி சார்ந்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, வரியின் அடிப்படையும் வாடகையோடு சேர்ந்து உறைந்தது. கலிபோர்னியாவைப் போலவே இங்கும் பழைய குடியிருப்பாளர் பயனடைந்தார்.

இதிலிருந்து விடுபட பாட்னா 1993-இல் தெருவின் தரம், கட்டட வகை, பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு பரப்பளவுக்கு மதிப்புக் கட்டும் முறையை மேற்கொண்டது. தில்லி 2004-இல் அலகுப் பரப்பு முறைக்கு மாறியது. முறை மாறினாலும், வீதத்தையும் மதிப்பையும் காலந்தோறும் திருத்தும் துணிவு வேண்டுமல்லவா? தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சியில் 1998-க்குப் பிறகும், பிற நகரங்களில் 2008-க்குப் பிறகும் திருத்தம் இல்லை. உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலுக்குப் பின் 2018-இல் குடியிருப்புகளுக்கு 50 விழுக்காடு வரையும் ஏனையவற்றுக்கு 100 விழுக்காடு வரையும் அறிவித்த உயர்வு, எதிர்ப்பின் காரணமாக 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் வந்த உயர்வு, வட்டாரத்தையும் கட்டடப் பரப்பையும் பொறுத்து, 25 முதல் 150 விழுக்காடு வரை அமைந்தது. ஒத்திப்போட்ட ஆண்டுகளெல்லாம் ஒரே கேட்பறிக்கையில் வந்து சேர்ந்தன.

அவ்வுயர்வுக்கு மாநில அரசு எடுத்துக்காட்டிய காரணம், பதினைந்தாவது நிதி ஆணையத்தின் நிபந்தனை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவித்து, மாநில உற்பத்தியின் வளர்ச்சியை ஒட்டி வசூலையும் உயர்த்தும் மாநிலங்களின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கே மானியம் என ஆணையம் வகுத்தது. உள்ளாட்சிக்கு எந்த வரியை அளிப்பது என்பதை அரசியலமைப்பின் 243-எக்ஸ் பிரிவு மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டிருக்கிறது. எனவே மக்களின் சினத்தைத் தாங்க வேண்டிய நகரமன்ற உறுப்பினர் வீதத்தை முடிவு செய்வதில்லை. முடிவு செய்பவர் வார்டு மக்களைத் தெருவில் சந்திப்பதில்லை. 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஆண்டுதோறும் 6 விழுக்காடு உயர்வுக்குத் தீர்மானம் இயற்றியது. இருபதாண்டுக்கு ஒருமுறை பாயும் உயர்வைவிட இது தாங்கத்தக்கது. ஆனால் தேர்தல் ஆண்டிலும் இவ்வுயர்வு நிறுத்தப்படாமல் நடைபெற வேண்டும். அவ்வாண்டின் வசூலில் எத்தனை பங்கு எந்தத் தெருவின் விளக்குக்கும் வடிகாலுக்கும் சென்றது என்ற கணக்கும் கேட்பறிக்கையோடு சேர்ந்து வீட்டுக்கு வர வேண்டும்.