ஒரு மணிக்கு மேசை

என் மாமியாரின் சமையலறையில், மளிகை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கிறது. ஓரங்கள் பழுப்பேறி, கொழுப்புக் கறை படிந்த அந்தக் காகிதத்தில் சமையல் குறிப்பு எதுவும் இல்லை. நேரங்கள் மட்டுமே இருக்கின்றன. கடைசி வரியில் ‘1.00 – மேசை’ என்று எழுதி, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் காலை 9 மணி வரை சென்றிருக்கிறார். இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்‌ஷயரில், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்த மாட்டிறைச்சி ரோஸ்ட் விருந்தின் முழு நுட்பமும் அந்த ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது.

சென்ற ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் கனமான தட்டைத் தூக்கவோ, குனிந்து ஓவனைத் திறக்கவோ அவரால் இயலவில்லை. ஞாயிறு விருந்து நின்றுபோனது. அவர் தனியே வாழும் வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்ற கேள்வி எழுந்தது. என் கணவரும் அவருடைய தம்பியும் அதைத் தொலைபேசிக் குறுஞ்செய்திகளில் பேசினார்கள். நேரில் சொல்லத் தயங்கும் சொற்கள் திரையில் எளிதாக வந்துவிடுகின்றன. மூன்று மாதங்களில் இருவருக்கும் இடையே பேச்சே அற்றுப்போனது. இருபது ஆண்டுகளாக நான் விருந்தாளியாக உட்கார்ந்து உண்ட அந்த மதிய உணவு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது, அது நின்ற பிறகே எனக்கு விளங்கியது. அந்தக் காகிதத்தை நான் கையில் எடுத்தது அதன் பிறகுதான்.

நெருப்பின் முன் சுழன்ற இறைச்சி

ஆங்கிலேயர்களுக்கும் ரோஸ்ட் மாட்டிறைச்சிக்கும் உள்ள பிணைப்பு பழையது. பிரெஞ்சுக்காரர்கள் அவர்களைக் கேலியாக அழைக்கும் பெயரே ‘ரோஸ்பிஃப்’. 1731-இல் ஹென்றி ஃபீல்டிங் தம் நாடகம் ஒன்றுக்காக இந்த உணவைப் போற்றிப் பாட்டெழுதினார். 1748-இல் வில்லியம் ஹோகார்த் அதையே கருவாக்கி ஓவியம் தீட்டினார்.

அன்றைய ரோஸ்ட் வேறு, இன்றையது வேறு. பழைய முறையில் இறைச்சியைக் கம்பியில் கோத்து, திறந்த நெருப்பின் முன்னால் மணிக்கணக்காகச் சுழற்றினார்கள். பெரிய சமையற்கூடங்களில் அதைச் சுழற்றச் சிறுவர்கள் இருந்தார்கள். பின்னாளில், சக்கரத்துக்குள் ஓடிக் கம்பியைச் சுழற்றுவதற்கென்றே குட்டைக்கால் நாயினம் ஒன்று வளர்க்கப்பட்டது. இயந்திரங்கள் வந்தபின் அந்த இனம் அழிந்துவிட்டது. பாடம்செய்யப்பட்ட நாய் ஒன்று வேல்ஸில் உள்ள ஆபெர்கவென்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டில் ஓவன் இல்லாத ஏழைகள் தங்கள் உணவைத் தெருமுனை ரொட்டிக் கடையின் அடுப்புக்குக் கொண்டுசென்று சுட்டுவந்தனர். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதையில் அந்தக் காட்சி வருகிறது. மூடிய ஓவன் வீடுகளுக்குள் வந்தபின், தேவாலயத்துக்குப் புறப்படும்முன் இறைச்சியை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்து உண்பது வழக்கமானது.

இந்த மேசை இதற்கு முன்பும் வெறுமையாகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் 1940-இல் தொடங்கிய இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலையில்தான் முடிவுக்கு வந்தது. 1996 மார்ச்சில், மாடுகளைத் தாக்கிய மூளைநோய்க்கும் மனிதர்களின் உயிரைப் பறித்த ஒரு நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று பிரிட்டன் அரசு அறிவித்தபோது நாடே மாட்டிறைச்சியை அஞ்சியது. 1997 டிசம்பர் முதல் ஈராண்டுகள் எலும்போடு கூடிய மாட்டிறைச்சி விற்பனைக்கே தடை இருந்தது. என் மாமியார் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். பிள்ளைகளுக்குத் தாமே பரிமாறிய உணவல்லவா?

மாட்டின் வயதும் சமையலின் முறையும்

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு மாட்டிறைச்சி புதிதல்ல. ஆனால், நாங்கள் அறிந்தது சிறு துண்டுகளாக நறுக்கி, மிளகும் மல்லியும் சேர்த்து, நெடுநேரம் வேகவைத்த கறி. ஒரு பெருந்துண்டை உப்பும் மிளகும் மட்டும் தடவிச் சுட்டு, உள்ளே இளஞ்சிவப்பாகவே பரிமாறுவது முதலில் எனக்கு அரைகுறைச் சமையலாகவே பட்டது.

காரணம் சுவையில் மட்டும் இல்லை. மாட்டின் வயதிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுவாகப் பத்து வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டையே அறுக்க அனுமதி கிடைக்கும். உழைத்து முதிர்ந்த உடலில் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் புரதம் உறுதியாக இருக்கும். நீரோடு சேர்ந்து நீண்ட நேரம் வெந்தால்தான் அது கூழாக இளகும். பிரிட்டனிலோ இறைச்சிக்கென்றே வளர்க்கப்பட்ட இளம் மாடு அறுக்கப்படுகிறது. மூளைநோய்க்குப் பின் சுமார் பத்தாண்டுகள், முப்பது மாதங்களுக்கு மேற்பட்ட மாடு உணவுக்கு வருவதையே சட்டம் தடுத்திருந்தது. இளம் மாட்டில் அதிகம் உழைக்காத முதுகு, விலாப் பகுதிகளுக்கு நீண்ட வேக்காடு தேவையில்லை, தந்தால் கெட்டுவிடும். இரு முறைகளும் தத்தம் மாட்டுக்குப் பொருத்தமானவை என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

உள்ளே தெரியும் சிவப்பு இரத்தம் அன்று. தசையில் உள்ள மயோகுளோபின் என்னும் நிறமிப் புரதம். நோய்க்கிருமிகள் முழுத்துண்டின் வெளிப்புறத்திலேயே தங்குகின்றன; அவை சூட்டில் அழிந்துவிடும். அரைத்த இறைச்சியில் வெளிப்புறமும் உட்புறமும் கலந்துவிடுவதால் அதை முழுதாக வேகவைத்தே ஆகவேண்டும்.

சூடும் ஓய்வும்

ஒன்பது பேருக்கு எலும்போடு கூடிய இரண்டரைக் கிலோ விலாத் துண்டு வாங்கினேன். முந்தைய இரவே உப்புத் தடவி, காலை 9 மணிக்குக் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன். 10.35-க்கு 220 டிகிரி சூட்டில் ஓவனுக்குள் வைத்தேன். இருபது நிமிடம் கழித்துச் சூட்டை 160 டிகிரிக்குக் குறைத்து, அரைக் கிலோவுக்குப் பதினைந்து நிமிடம் என்ற கணக்கில் 12.10-க்கு வெளியே எடுத்தேன்.

தொடக்கத்தில் கடுஞ்சூடு தருவது சாற்றை உள்ளே ‘பூட்டி’ வைப்பதற்கு என்று பலரும் இன்றும் நம்புகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலர் லீபிக் பரப்பிய கருத்து அது, சரியன்று. சுட்ட மேற்பரப்பு நீரைத் தடுப்பதில்லை. சூட்டின் பயன் மணத்தில் இருக்கிறது. புரதமும் சர்க்கரையும் கடுஞ்சூட்டில் வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருட்களை உண்டாக்குகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிவியலர் மயார்டின் பெயரால் அந்த வினை அறியப்படுகிறது. தோசையின் முறுகலில் நிகழ்வதும் அதுவே.

வெளியே எடுத்த துண்டை முக்கால் மணி நேரம் தொடக்கூடாது. நடுவில் வெப்பமானி 50 டிகிரியைத் தாண்டியவுடன் எடுத்துவிட வேண்டும். வெளிப்புறச் சூடு உள்ளே பரவி, மேலும் சில டிகிரி தானே ஏறும். 60 டிகிரியைக் கடந்தால் கொலாஜன் சுருங்கித் தசையைப் பிழிந்து சாற்றை வெளியேற்றிவிடும். பொறுமையாக வைத்திருந்தால் சாறு சற்றுக் கெட்டிப்பட்டு, அரியும்போது பலகையில் ஓடாது.

இந்த ஓய்வு நேரத்தில்தான் ஓவன் மற்றவற்றுக்குக் கிடைக்கிறது. அரைவேக்காட்டில் எடுத்து, பாத்திரத்தை மூடிக் குலுக்கி, ஓரங்கள் சிதைந்த உருளைக்கிழங்கு 11.50-க்கே கொழுப்பில் இறங்கியிருக்கும். இறைச்சி வெளியே வந்ததும் மீண்டும் 220-க்குச் சூடேற்றினால் அந்தச் சிதைந்த ஓரங்களே மொறுமொறுப்பாகும். 12.30-க்கு யார்க்‌ஷயர் புட்டிங். முட்டை, பால், மாவு மூன்றும் சம அளவு. சோடா உப்பு எதுவும் இல்லை. புகையும் கொழுப்பில் கரைசல் விழும்போது எழும் நீராவியே அதை உயர்த்துகிறது. சுவர்கள் இறுகும்முன் ஓவன் கதவைத் திறந்தால் அமிழ்ந்துவிடும். 1747-இல் ஹன்னா கிளாஸ் தம் சமையல் நூலில் இதற்கு இந்தப் பெயரைத் தந்தார். நான்கு அங்குலமேனும் எழும்பாதது யார்க்‌ஷயர் புட்டிங்கே அன்று என்று 2008-இல் ராயல் வேதியியல் கழகம் அறிவித்தது.

அந்த உயரத்துக்குப் பின்னால் ஒரு வறுமையும் இருக்கிறது. யார்க்‌ஷயர் வீடுகளில் புட்டிங்கைக் கிரேவியோடு முதலில் தனியே பரிமாறுவார்கள். மாவில் வயிறு நிறைந்தால் இறைச்சி குறைவாகச் செலவாகும். என் மாமியாரின் தாய் கடைசிவரை அப்படித்தான் பரிமாறினாராம்.

நின்றுபோனது ஏன்?

காகிதத்தைப் பலமுறை படித்தபின் ஒன்று புலப்பட்டது. காலை 9 முதல் பகல் 1 வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு வேலையாக எழுதப்பட்ட அந்தப் பட்டியலில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். குடும்பத்தை ஒன்றுசேர்க்கும் பெரும் மரபு என்று நாம் போற்றியது, ஒரு பெண் ஒவ்வொரு வாரமும் நான்கு மணி நேரம் நின்றுகொண்டே செய்த வேலை. அவர் விழுந்த அன்றே அதுவும் விழுந்ததில் வியப்பென்ன? பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ ரம்ஜானுக்கோ கூட்டமாக உண்டு மகிழும் நம் வீடுகளிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அவருடைய இடத்தில் நான் ஒருத்தி போய் நிற்பது தீர்வாகாது. எனவே, அந்த நேரங்களுக்கு எதிரே பெயர்களை எழுதி அனைவருக்கும் அனுப்பினேன். உருளைக்கிழங்கு என் கணவரின் தம்பிக்கு. கிரேவி என் கணவருக்கு. புட்டிங் என் மகனுக்கு. உருளைக்கிழங்கு 11.50-க்கு ஓவனுக்குள் போகவேண்டுமானால் 11 மணிக்கே தோலுரித்தாக வேண்டும். மூன்று மாதங்களாகப் பேசாத தம்பி 10.45-க்கு வந்து சேர்ந்தார்.

சகோதரர்கள் இருவரும் ஒரே அடுப்பின் முன் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். முதலில் கத்தி எங்கே, உப்பு எங்கே என்பதுதான் பேச்சு. பின்பு அப்பா அந்தக் கத்தியைத் தீட்டும் முறை பற்றி. மாமியார் ஊன்று வண்டியை அருகில் நிறுத்திவிட்டு நாற்காலியில் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1.10-க்குத்தான் மேசைக்கு வந்தோம். மகன் பொறுமையிழந்து ஒருமுறை கதவைத் திறந்ததால் புட்டிங் ஒருபக்கம் சரிந்திருந்தது. “பத்து நிமிடம் தாமதம்” என்று மட்டும் மாமியார் சொன்னார். பின் அந்தச் சரிந்த புட்டிங்கையே தமக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டைப் பற்றி அன்று எதுவும் முடிவாகவில்லை. ஆனால், அந்தப் பேச்சைத் தம் முன்னிலையிலேயே பேசும்படி அவர் கேட்டுக்கொண்டார். அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றாத ஒன்று அது. மாட்டிறைச்சி விலை ஏறியிருப்பதால் இப்போது மாதம் ஒருமுறைதான் இந்த விருந்து. அடுத்த முறை இறைச்சியைத் தாமே சுடுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். பழைய காகிதம் அதே கதவில் இருக்கிறது. அதன் அருகே, பெயர்களோடு கூடிய புதிய தாளையும் மாமியார் ஒட்டச் சொல்லியிருக்கிறார். மேசை விரிக்கும் வேலைக்கு எதிரே தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டார்.