பல்லைக் காப்பதும் அதுவே, கறையாக்குவதும் அதுவே!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாயும் ஊருணியும் நிறையும். மழை பொய்த்தால் ஆழ்குழாய்க் கிணறுதான் கதி. அந்தத் தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளும் குடத்தில் ஏறி வீட்டுக்கு வரக்கூடும். அதன் பெயர் புளோரைடு.

பற்பசைப் பெட்டியின் மேலும் இதே பெயரைக் காணலாம். சொத்தை விழாமல் பல்லைக் காப்பது புளோரைடு. குழந்தையின் பல்லைக் கறையாக்குவதும் புளோரைடுதான். அளவுதான் வேறு.

பல்லின் கவசம்

பல்லின் மேல் பளபளக்கும் வெள்ளைப் பகுதிக்கு எனாமல் என்று பெயர். மனித உடலில் இதைவிடக் கடினமான பொருள் கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமலில் குழி விழுந்தால் மறுபடி வளராது.

இவ்வளவு உறுதியான எனாமலைக் கரைப்பது எது? இனிப்புதான்! மிட்டாயோ கருப்பட்டியோ தின்றால், வாயிலுள்ள கிருமிகளுக்கு அது விருந்து. அவை சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அரிக்கிறது. போன சத்தை உமிழ்நீர் திரும்பக் கொண்டு வந்து சேர்க்கிறது. அரிப்பு கூடி, சேர்ப்பு குறைந்தால் சொத்தை விழும்.

இங்கேதான் புளோரைடு துணைக்கு வருகிறது. இழந்த சத்து பல்லில் விரைவாகப் படிய அது உதவுகிறது. அப்படி உறுதிப்பட்ட எனாமல் அமிலத்தில் எளிதில் கரையாது. ஆனால் குழி விழுந்துவிட்டால் புளோரைடு அதை மூடாது. பல் டாக்டர்தான் அடைக்கவேண்டும்.

கறை சொன்ன உண்மை

இந்த உண்மை தெரிய வந்ததே ஒரு கறையால்தான். 1901-ல் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு பிரடெரிக் மக்கே என்ற பல் டாக்டர் வந்தார். அங்கே பிறந்து வளர்ந்த பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருந்தது. ஆனால் அந்தப் பற்களில் சொத்தை குறைவு! காரணம் என்ன? 1931-ல்தான் விடை கிடைத்தது. குடிநீரில் இருந்த புளோரைடே காரணம்! அளவு குறைந்தால் கறை இன்றியே பல்லுக்குக் காப்பு கிடைக்கும் என்பதும் பின்னர் தெரிந்தது. 1945-ல் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற அமெரிக்க நகரம், உலகிலேயே முதலாவதாகக் குடிநீரில் அளவோடு புளோரைடு சேர்த்தது.

நம் நாட்டில் பல ஊர்களில் அதைச் சேர்க்கவே வேண்டாம். பூமிக்கடியில் உள்ள பாறையே சேர்த்துவிடுகிறது. 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், புளோரைடு மிகுந்த தண்ணீரைப் பல காலம் குடித்தவர்களின் எலும்புகள் இறுகி, முதுகு வளையாமல் போனதை டாக்டர்கள் கண்டறிந்தனர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் தொல்லையைத் தீர்க்கவே 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பட்டியலில் விருதுநகர் மாவட்டத்தின் சில பகுதிகளும் உண்டு.

எவ்வளவு இருக்கலாம்?

ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம். இது இந்தியத் தர அளவு. 8 வயதுக்குள், பல் ஈறுக்குள்ளே உருவாகும் காலத்தில், அளவு மிஞ்சினால் கறை பதிந்துவிடும். அது அழுக்கு அல்ல. சாம்பலும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தால் கறை போகாது; எனாமல்தான் தேயும். “பல் விளக்காத பிள்ளை” என்று அந்தக் குழந்தையை ஏசுவது அநியாயம்!

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. ஊருணியில் தேங்கும் மழைநீரில் பொதுவாக அது மிகக் குறைவு. ஆனால் ஊருணித் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும்.

செய்யவேண்டியது என்ன?

முதலில், குடிக்கும் கிணற்று நீரைப் பரிசோதிக்கவேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக்கூடங்கள் உண்டு.

காலையிலும் இரவு படுக்குமுன்னும் பல் துலக்கவேண்டும். வேப்பங்குச்சி பல்லைச் சுத்தம் செய்யும். ஆனால் புளோரைடு தராது. புளோரைடு பற்பசை, 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு போதும். 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்கவேண்டும்.

அடிக்கடி சொத்தை விழும் பிள்ளைகளுக்குப் பல் டாக்டர்கள் புளோரைடு வார்னிஷ் பூசுவார்கள். வலியில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். வழக்கமாக வருடத்துக்கு 2 முதல் 4 தடவை பூசுவதுண்டு. அப்போது, வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

பால் பல் விழுந்தால் வேறு பல் முளைக்கும். அந்தப் பல் போனால் போனதுதான். அதைக் காக்கும் முதல் வேலை, குடத்துத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே.